24 கிராம் புரோட்டீன் டப்பா: இரண்டாவது ஸ்கூப் பாத்ரூமுக்குத்தான்

பிராண்டு பெயர் வேண்டாம். ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் 2,800 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ வே புரோட்டீன், அதாவது பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர், சாக்லேட் சுவை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: குளிர்ந்த தண்ணீரில் பத்து குலுக்கு குலுக்கினால் கரைந்துவிடுகிறது, கட்டி தட்டுவதில்லை, சுவையும் பரவாயில்லை. வயிறுதான் கொஞ்சம் உப்பும், முழுக்கச் சுத்திகரிக்காத கான்சென்ட்ரேட் வகை என்பதால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கும்.

ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரோட்டீன் என்கிறது டப்பா, கடைக்காரர் தினம் இரண்டு ஸ்கூப் என்றார். நானும் நாலு முட்டை, மதியம் சிக்கன், ராத்திரி சுண்டல் எல்லாம் போக அதையும் குடித்தேன். ஆபீஸ் செக்கப்பில் ரத்தத்தில் யூரியா 48, லேப் போட்டிருந்த உச்சவரம்பு 40. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.9தான், நார்மல். டாக்டர் பதறவில்லை, "பவுடர் குடிக்கறீங்களா? தண்ணி எவ்வளவு குடிக்கறீங்க?" என்று இரண்டு கேள்விதான் கேட்டார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் கணைய நொதிகளும் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன, தசை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தைப் போட்டுவைக்க உடம்பில் கிடங்கு கிடையாது, கொழுப்புக்குத் தொப்பை இருப்பது போல இதற்கு எதுவும் இல்லை. அதனால் நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிட்டு மீதியை எரிக்கிறது, அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாற்றுகிறது. கழன்ற நைட்ரஜன் அம்மோனியா, மூளைக்கு விஷம். கல்லீரல் அதை யூரியாவாக்கி ரத்தத்தில் விட, சிறுநீரகம் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. கல்லீரல் செய்யும் இந்த யூரியா சுழற்சியை 1932இல் ஜெர்மனியில் கிரெப்ஸ், ஹென்சலைட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக ஒரு ஸ்கூப்பின் 24 கிராமும் எரிந்தே போனால் 8 கிராம் யூரியா. அப்பாவிடம் சொன்னேன். "வயலுக்குப் போடறதும் அதே யூரியாதானேடா, மூட்டை இதைவிட மலிவாச்சே" என்றார்.

இனி என் உண்மையான புகார். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், வே புரோட்டீனுக்குக் கீழே, கிளைசின், டாரின் என்று தனி அமினோ அமிலங்கள் இருக்கின்றன. புரதத்தை அளக்கும் பழைய முறை கெல்டால், 1883இல் வந்தது. அது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கும், நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்காது. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைச் சேர்த்து ஏமாற்றியது இந்த ஓட்டையை வைத்துத்தான், குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் விழுந்தது. கிளைசினும் டாரினும் அப்படி விஷமில்லை, ஆனால் மலிவு, அவற்றின் நைட்ரஜனும் இந்த அளவீட்டில் புரதமாகவே கணக்காகும். டாரின் தசைப் புரதத்தில் சேர்வதே இல்லை. இந்த 24இல் எத்தனை கிராம் வே என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் வாங்கறாங்க சார்" என்றார்.

ஐந்துக்கு இரண்டரை. அரை மார்க் கரைவதற்கு. ஒரு ஸ்கூப்பாகக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது யூரியா 33. வாங்குவதென்றால் பின்பக்கத்தை முதலில் படியுங்கள், தனி அமினோ அமிலம் சேர்த்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். என் டப்பாவில் இன்னும் கால்வாசி இருக்கிறது, சுண்டல் ஊறவைக்க மறந்த நாட்களுக்கு.