அதிகாரம் யார் கையில்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கோட்பாட்டு ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) மாணவர்களுக்கான மாலை வகுப்பில், மக்களாட்சியில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை விளக்க, ரைட் மில்ஸின் மேல்தட்டுக் கோட்பாடு, ராபர்ட் டாலின் பன்மைவாதம், பக்ராக்–பாரட்ஸ் இருவரின் ‘இரண்டாம் முகம்’ (பிரச்சினைகளை மேசைக்கே வராமல் தடுக்கும் அதிகாரம்) ஆகிய மூன்றில் ஒன்றை முதன்மையாகக் கொள்ள வேண்டியிருந்தது. நான் கடைசியதை எடுத்தேன்.

பெருநிறுவனம், இராணுவம், அரசு ஆகியவற்றின் உச்சியில் இருக்கும் சிலரே அமெரிக்காவின் பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள் என்று மில்ஸ் 1956-இல் எழுதினார். துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்) என்ற அடுக்கை அறிந்த தோட்டப்புறத்தில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ஆனால், 1974 முதல் இத்தொகுதியை வைத்திருந்த சாமிவேலு, அமைச்சராக இருக்கும்போதே 2008 தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயகுமாரிடம் தோற்றதை இதைக் கொண்டு விளக்குவது கடினம். அங்கே டாலின் கை ஓங்குகிறது. நியூ ஹேவன் நகரின் சீரமைப்பு, கல்வி, வேட்பாளர் நியமனம் ஆகியவற்றில் எடுக்கப்பட்ட முடிவுகளை ஆராய்ந்த அவர், துறைக்குத் துறை செல்வாக்குள்ளவர்கள் மாறுகிறார்கள் என்று 1961-இல் காட்டினார்.

ஆயினும், மேசைக்கே வராத பிரச்சினையில் வென்றவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாமான் (புதிய குடியிருப்புப் பகுதி) வீடுகளின் முன் தெருவிளக்கு எரிகிறது. எதிரே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளுக்குப் போகும் செம்மண் சாலை தனியார் நிலம் என்பதால் இருட்டாகவே கிடக்கிறது. அந்த விளக்கைப் பற்றி வாக்கெடுப்பு நடந்ததில்லை. எனவே டாலின் முறைப்படி அங்கே தோற்றவர் எவருமில்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு நீங்கி, உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் நாட்டில், மேசைக்கு எது வருகிறது என்பதே முதற்கேள்வி. 1962-இல் பக்ராக்கும் பாரட்ஸும் எழுப்பிய கேள்வியும் அதுதான்.

நடக்காததை ஆராய முடியுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு அமெரிக்க அரசியல் ஆய்வாளர் கிரென்சன் ஒரு வழி காட்டினார். இந்தியானா மாநிலத்தில் அருகருகே இருந்த இரண்டு எஃகு நகரங்களில், ஈஸ்ட் சிகாகோ 1949-இலேயே காற்று மாசுக்குச் சட்டம் இயற்றியது, யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் நிழலில் வாழ்ந்த கேரி 1962 வரை இயற்றவில்லை. நிறுவனம் வாய் திறந்து எதிர்க்க வேண்டிய தேவையே பெரிதாக எழவில்லை என்பது அவர் வாதம். தாமானையும் லயத்தையும் மாணவர்கள் அவ்வாறே ஒப்பிட்டார்கள். இருளுக்கு நில உடைமைச் சட்டம் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்லிவைத்தேன்.

மக்களின் விருப்பத்தையே அதிகாரம் வார்க்கிறது என்று லூக்ஸ் 1974-இல் சேர்த்த மூன்றாம் முகத்தைச் சுருக்கமாகவே தொட்டேன். லயத்தில் வளராத நான், அங்குள்ளவர்களின் விருப்பம் அவர்களுடையதன்று என்று சொல்லத் தயங்குகிறேன்.