கறுப்புத் தாடிப் பாசிக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு: தருமபுரித் தண்ணீரில் ஒரு மதிப்பீடு

அனுபியாஸ் என்னும் நீர்ச்செடியின் இலை ஓரத்திலும் ஃபில்டர் குழாயின் வாயிலும் கற்றைகற்றையாக முளைத்து, எவ்வளவு தேய்த்தாலும் இலை கிழியுமே தவிரத் தான் பெயர்ந்து வராத கறுப்புப் பாசியை, மீன்தொட்டி வளர்ப்போர் பிளாக் பியர்டு ஆல்கே என்றும் சுருக்கமாக பிபிஏ என்றும் சொல்வார்கள். இதற்கென்றே விற்கப்படும் இறக்குமதித் திரவங்கள் சிறிய ஊர்களின் மீன் கடைகளில் எப்போதும் இருப்பதில்லை. இருந்தாலும் விலை கூடுதல். ஆகவே, தருமபுரியில் எந்த மருந்துக்கடையிலும் புண் கழுவுவதற்கென்று கேட்டால் எடுத்துத் தருகிற ஹைட்ரஜன் பெராக்சைடு இந்தப் பாசிக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை, ஆழ்துளைக் கிணற்று நீரில் ஓடும் என் செடித்தொட்டியில் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்.

புட்டியை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் வீரியம். வெளிநாட்டு மீன் வளர்ப்பாளர்கள் எழுதும் அளவுகள் பெரும்பாலும் 3 சதவீதக் கரைசலுக்கு உரியவை. நம் மருந்துக்கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் ‘20 வால்யூம்’ என்று அச்சிடப்பட்ட, ஏறத்தாழ 6 சதவீத வீரியமுள்ள கரைசல். அங்கே சொல்லப்பட்ட அளவை அப்படியே இங்கே ஊற்றினால் மீனுக்கு இரு மடங்கு மருந்து போய்ச் சேரும். 3 சதவீதக் கரைசல் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்பது நிதானமான அளவு. நம் புட்டிக்கு அதில் பாதி, அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 12 மில்லி போதும். தொட்டியின் வெளி அளவைக் கொண்டு கணக்கிடாமல், மணலும் கல்லும் மரக்கட்டையும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்துவிட்டு, உண்மையில் உள்ள தண்ணீருக்கு மட்டுமே கணக்கிட வேண்டும். ஆலைகளுக்கு விற்கப்படும் 35 சதவீதம், 50 சதவீதக் கரைசல்கள் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும் என்பதால் அவற்றை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது.

முழு அளவையும் தண்ணீரில் பொதுவாக ஊற்றிவிடுவதைவிட, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துப் பாசியின் மேலேயே மெதுவாகச் செலுத்துவதுதான் பலன் தருகிறது. ஃபில்டரையும் காற்று மோட்டாரையும் நிறுத்தி, தண்ணீர் அசைவற்று நின்ற பிறகு, கற்றைக்கு மிக அருகில் சிரிஞ்சின் முனையை வைத்துச் சொட்டுச்சொட்டாக விட்டால், சற்று நேரத்தில் பாசியின் மேல் நுண்ணிய ஆக்சிஜன் குமிழிகள் எழும்புவதைக் காணலாம். பதினைந்து நிமிடம் கழித்து ஃபில்டரை மீண்டும் ஓடவிட வேண்டும். நெடுநேரம் நிறுத்தி வைத்தால், அழுக்கைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் வாடத் தொடங்கும். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் தொட்டியில் நாள்பட்ட எச்சம் எதுவும் தங்குவதில்லை. இந்த மருந்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் அதுதான்.

பலன் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். கறுப்பு நிறம் முதலில் செந்நிறமாகி, பிறகு வெளிறி, இறுதியில் சாம்பல் வெள்ளையாகும். பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி வகுப்பைச் சேர்ந்தது. சாகும்போது அதன் பச்சையம் சிதைய, உள்ளிருக்கும் சிவப்பு நிறமி வெளித்தெரிகிறது. நிறம் மாறிய கற்றையை மீன்களும் இறால்களும் கொறிக்கத் தொடங்கிவிடும். உயிரோடு இருக்கும் கறுப்புப் பாசியைத் தின்னும் மீன்கள் மிகச் சில. சயாமீஸ் ஆல்கே ஈட்டர் அவற்றில் ஒன்று, அதுவும் வளர்ந்து பெரிதானதும் போடுகிற தீனிக்குப் பழகிப் பாசியை மறந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகள் இந்த அளவைத் தாங்குகின்றன. ஜாவா மாஸ், ரிக்சியா ஆகிய செடிகள் வெளுத்துவிடக்கூடும். செதில் இல்லாத மீன்களும் லோச் வகை மீன்களும் உள்ள தொட்டியில் இதிலும் பாதி அளவில் தொடங்குவது நல்லது. ஒப்பிடத் தகுந்த இன்னொரு மருந்து, ‘திரவ கார்பன்’ என்ற பெயரில் விற்கப்படும் குளூட்டரால்டிஹைடு வகைத் திரவங்கள். அவையும் கறுப்புப் பாசியைக் கொல்லும். தினமும் விடவேண்டியவை என்பதால் செலவு தொடரும். வல்லிஸ்னேரியா வளர்ப்பவர்கள் அந்தச் செடி கரைந்துபோவதைப் பார்க்க நேரிடும். இரண்டையும் ஒரே நாளில் தொட்டிக்குள் விடக்கூடாது.

இருக்கும் பாசியைக் கொல்வது வரைதான் இந்த மருந்தின் வேலை. தண்ணீரைக் கவனிக்காவிட்டால் அதே இலையில் அதே பாசி திரும்ப முளைக்கும். நம் மாவட்டத்தின் நிலத்தடி நீர் கடினமானது, ஃபுளோரைடு மிகுந்தது. அதனாலேயே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் தொடங்கிவைக்கப்பட்டது. கோடையில் தொட்டித் தண்ணீர் வேகமாக ஆவியாகும்போது உப்புகள் அப்படியே தங்கிவிடுகின்றன. குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றி நிரப்பிவந்தால் கடினத்தன்மை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். இங்கே பல வீடுகளில் நான் பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான். நிரப்புவதோடு நிறுத்தாமல் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றி மாற்ற வேண்டும். போர் தண்ணீரோடு ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் கடினத்தன்மை ஏறத்தாழ பாதியாகும், ஆனால் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் போர் தண்ணீரைவிடவும் உப்புச் செறிந்தது என்பதால், வீணாகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைச் சேர்ப்பவர்கள் அதிலுள்ள குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

அழுகும் பழைய இலை, மிஞ்சிய தீனி, ஃபில்டரில் சேர்ந்த சேறு ஆகியவை இந்தப் பாசிக்கு உரம். விளக்கு எரியும் நேரத்தை நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வைத்து, டைமர் பொருத்திவிட்டால் பாதிக் கவலை தீரும். செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் குமிழி எண்ணிக்கையை நாளுக்கு ஒரு விதமாக மாற்றிக்கொண்டிருப்பதும் கறுப்புப் பாசிக்கு வழிவிடும்.

தண்ணீர் முழுதும் பச்சையாகக் கலங்கினால் அதற்கு யு.வி. விளக்கே தகுந்த வழி, பெராக்சைடு இல்லை. கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளிகளைப் பிளேடால் சுரண்டுவது எளிது. கறுப்புத் தாடிக்கும் அதன் உறவான மான்கொம்புப் பாசிக்கும் மட்டும் என்றால், விலையையும் எளிதில் கிடைப்பதையும் சேர்த்து, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். செடி வகை பார்த்துப் பயன்படுத்த வேண்டியிருப்பதற்காக ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் வீரியம் குறையும் என்பதால் நிழலான இடத்தில், மூல புட்டியிலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். திறந்து பல மாதமான புட்டியிலிருந்து சில சொட்டை நறுக்கிய உருளைக்கிழங்கின் மேல் விட்டுப் பார்த்து, நுரை பொங்கவில்லையென்றால் புதிய புட்டி வாங்கிவிடுங்கள்.