‘519ஏ’ என்று விற்றார்கள், வந்தது வேறு: ஹெட்லேம்ப் வாங்குவோர் கவனத்திற்கு

நிச்சியா நிறுவனத்தின் 519ஏ எமிட்டர் (ஒளி தரும் எல்.இ.டி. சில்லு), 4500 கெல்வின், ஹை சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் அதிகம்) என்று தலைப்பிலேயே போட்டு விற்கப்பட்ட ஆறு ஹெட்லேம்ப்களுக்கு 23,400 ரூபாய் கட்டினேன். வந்த ஆறில் ஒன்றில்கூட அந்த எமிட்டர் இல்லை. பணம் திரும்பத் தரப்படாது என்ற கடைசிப் பதில் இன்று காலை வந்திருக்கிறது. எமிட்டர்களின் டிண்ட்டையும் (ஒளியில் தெரியும் சாயல்) நிறத் துல்லியத்தையும் வீட்டிலேயே எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபைபர் கேபிள் ஜாயின்ட் போடுவது எங்கள் தொழில். ஒரு டியூபுக்குள் பன்னிரண்டு இழைகள் இருக்கும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த இழையின் நிறத்தைத் தவிர அதை அடையாளம் காண வேறு வழி இல்லை. பகலில் சிக்கல் கிடையாது. ஆனால் எங்காவது பொக்லைன் பட்டுக் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் இரவில்தான் அழைப்பு வருகிறது; அப்போது நெற்றியில் கட்டியிருக்கும் விளக்கு என்ன நிறத்தைக் காட்டுகிறதோ அதுதான் எங்களுக்கு நிறம்.

சாதாரண எல்.இ.டி. இங்கேதான் காலை வாரிவிடும். சி.ஆர்.ஐ. என்று அட்டைப்பெட்டியில் அச்சிடும் எண், எட்டு மங்கலான நிறங்களை வைத்துக் கணக்கிடும் சராசரி. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. ஆகவே 80 என்று பெருமையாக அச்சிட்ட விளக்கிலும் ஆர்9 சுழியத்தை ஒட்டி இருக்கலாம். 70 அளவிலுள்ள விளக்கில் அது மைனஸில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் சிவப்பு இழை பழுப்பாகவும், ரோஸ் இழை அழுக்கு வெள்ளையாகவும் தெரியும். டிண்ட் என்பது இதிலிருந்து தனிக் கதை. கெல்வின் எண் ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதை மட்டுமே சொல்லும். பச்சை அடிக்கிறதா, இளஞ்சிவப்பு அடிக்கிறதா என்பதை டியூவி என்ற அளவுதான் சொல்லும். அது கூட்டல் பக்கம் போனால் பச்சை, கழித்தல் பக்கம் போனால் இளஞ்சிவப்பு.

இவ்வளவும் அந்த விற்பனையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். பலரும் கடை விரிக்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில் அவரும் ஒரு கடைக்காரர். ஆர்டர் போடுவதற்கு முன் கேள்வி அனுப்பினேன். அவரே தொலைபேசியில் அழைத்தார். சாம்சங் எல்எச்351டி எமிட்டர் எடுத்தால் லுமன் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் சற்றுப் பச்சை அடிக்கும்; லூமினஸ் எஸ்எஸ்டி-20-இன் 4000 கெல்வின் வகை சிவப்பை நன்றாகக் காட்டும், ஆனால் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் அதுவும் பச்சைக்குப் போகும்; கண்ணுக்கு ஓர் அடி தூரத்தில் இழை பிரிக்கிற வேலைக்கு 519ஏ-தான் சரி என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லாம் உண்மை. கூடவே நிறமாலை வரைபடம் ஒன்றையும் அனுப்பினார். சராசரி 97, ஆர்9 90-க்கு மேல் என்று அதில் இருந்தது. “இது நம்ம ஸ்டாக்ல அளந்ததுதான் சார், சந்தேகமே வேண்டாம்” என்றார். இத்தனை விவரம் தெரிந்த ஒருவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் அன்றே ஆறு விளக்குகளுக்கு, ஒன்று 3,900 வீதம், 23,400 ரூபாய் செலுத்தினேன்.

பெட்டி வந்த வாரம் முழுக்க எங்களுக்குப் பகல் வேலை. பிறகு திண்டிவனம் அருகே நெடுஞ்சாலையோரத்தில் 24 இழைக் கேபிள் ஒன்று அறுந்து, நள்ளிரவில் சேம்பரை (கேபிள் செல்லும் நிலத்தடித் தொட்டி) திறந்து வேலையைத் தொடங்கினோம். விளக்கைப் போட்டவுடனேயே கை விரல்கள் நோயாளியின் விரல்களைப் போல வெளிறித் தெரிந்தன. எங்களில் மூத்தவர் இரண்டு இழைகளைத் தூக்கிப் பிடித்து, “இதுல எது ரோஸ், எது வெள்ளை?” என்று கேட்டபோது என்னாலும் சொல்ல முடியவில்லை. இழைகளைப் பற்றவைக்கும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் ஒளி இழப்பு மிகக் குறைவு என்றே காட்டியது. இழை மாறிப் பற்றவைத்தாலும் அது அப்படித்தான் காட்டும். விடிந்தபின் இரண்டு வாடிக்கையாளர்களின் இணைப்பு இடம் மாறியிருப்பது தெரிந்து, மூடிய க்ளோஷரை (ஜாயின்ட்டைப் பாதுகாக்கும் பெட்டி) மறுபடி பிரித்தோம்.

அன்று மாலையே ஒரு விளக்கின் முன்வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். 519ஏ, மூன்றரை மில்லிமீட்டர் சதுரப் பொதியில் வருவது. உள்ளே இருந்ததோ ஐந்து மில்லிமீட்டர் சதுரம். அதற்குப் பொருந்தட்டும் என்று நடுவிலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தின் துளையைக் கத்தியால் சீவிப் பெரிதாக்கியிருந்தார்கள், பிசிறுகள் அப்படியே நின்றன. ஆறிலும் இதே கதை. ஒளிப்பதிவுத் துறையில் இருக்கும் நண்பரின் கருவியில் வைத்தபோது 6,800 கெல்வின், சராசரி 68, ஆர்9 மைனஸ் 32 என்று வந்தது.

விற்பனையாளரை அழைத்தேன். முதலில் “டிண்ட் லாட்டரி சார், பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்” என்றார். பேட்ச் மாறினால் பொதியின் அளவுமா மாறும் என்று கேட்டதற்கு, “லைட் எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. சந்தை நிறுவனத்தின் அரட்டைப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் வந்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்டார். பொருள் இயங்குகிறதா என்பது அவர்கள் கேள்வி. சொன்ன பொருள்தானா என்பது என் கேள்வி. வளையத்தின் படம், கருவியின் படம், விற்பனைப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் அனுப்பியும், திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது, பொருளில் பழுது இல்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று மூன்று வரியில் பதில். இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு மூன்று வரி! அந்த விற்பனைப் பக்கம் இப்போதும் ‘519ஏ’ என்ற பெயரோடு அப்படியே இருக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றிரவே விளக்கைப் போட்டுப் பாருங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் தக்காளி, உள்ளங்கை, சிவப்பு வயர் ஆகியவற்றின் மேல் அடியுங்கள். பழைய குண்டு பல்பு ஒன்று இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். செல்போன் கேமராவை நம்பாதீர்கள், ஒயிட் பேலன்ஸைப் பூட்டாவிட்டால் பச்சையை அதுவே மறைத்துவிடும். சி.ஆர்.ஐ. எண்ணை மட்டும் சொல்லி ஆர்9-ஐச் சொல்லாதவரிடம் எழுத்தில் கேளுங்கள். வரைபடம் அனுப்பினால், அதே விளக்கை வைத்து அளக்கும் வீடியோவைக் கேளுங்கள்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி சந்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவருக்கு எழுதிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இப்போது காத்திருப்பு இசை ஓடிக்கொண்டிருக்கிறது.