கழுத்து நிற்காத ஸ்டுடியோ ஃப்ளாஷ்: ஆறு வருட அனுபவம்

மன்னார்குடியில் புதிதாக ஸ்டுடியோ போடப்போகும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், 400 ஜூல் போதுமா, 600 வாங்கிடட்டுமா? இல்ல நீ வச்சிருக்கறதையே வாங்கட்டுமா?" ஃப்ளாஷ் லைட்டின் பவரைத்தான் ஜூலில் கேட்கிறான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. திருச்சியில் ரிப்பேர் முடித்து லைட்டை வாங்கிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் கடையை மூடிய கடுப்பு வேறு. வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. அவனைப் போல யோசிக்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்தே இருக்கட்டும்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வரும் குறை, அதாவது லைட்டைத் தாங்கும் கழுத்து நிற்காமல் சாய்வது, அந்த ஒரு கம்பெனியோடு நிற்கவும் இல்லை. இதே விலையில் வரும் வேறு சில லைட்டுகளிலும் இதே அமைப்பைப் பார்த்திருக்கிறேன். என்னுடையது 400 ஜூல் மோனோலைட் (மின்சுற்றும் டியூபும் ஒரே பாடியில் இருக்கும் ஃப்ளாஷ்), போவன்ஸ் மவுண்ட் (லைட்டின் முன்னால் சாமான்களை மாட்டும் பூட்டு), 150 வாட் ஹாலஜன் மாடலிங் லேம்ப் (வெளிச்சம் எங்கே விழும் என்று காட்ட எரிந்துகொண்டே இருக்கும் பல்பு). 2019-இல் இரண்டு வாங்கினேன். மற்ற விவரங்கள் எல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த லைட்டின் ஒளி தங்கம். எங்கள் தெருவில் கோடைக்கால மாலைகளில் வோல்டேஜ் 190-க்கு இறங்கும். அப்போது ரீசார்ஜ் ஆக ஒரு வினாடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வருகிற வெளிச்சத்தில் மாற்றம் தெரியாது. ஒருமுறை தெரிந்தவரிடம் ஃப்ளாஷ் மீட்டர் வாங்கி, பாதி பவரில் தொடர்ந்து முப்பது தடவை அடித்துப் பார்த்தேன். 0.1 ஸ்டாப்புக்கு மேல் எங்கும் மாறவில்லை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). நிறமும் அப்படித்தான். வளைகாப்புக்கு வருகிறவர்கள் அரக்கு நிறப் பட்டும், கெம்புக்கல் நகையும், கை நிறையக் கண்ணாடி வளையலுமாக வந்து நிற்பார்கள். அரக்கு நிறம் ஒரு படத்தில் சிவப்பாகவும் அடுத்ததில் காவியாகவும் போனால் எண்பது படத்தையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும். எனக்கு அந்த வேலை வந்ததே இல்லை. ஒரு படத்தைச் சரிசெய்து அதையே மற்ற எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவேன். பவரை ரொம்பக் குறைத்தால் ஒளி கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும். மின்னழுத்தத்தைக் குறைத்துப் பவரைக் கட்டுப்படுத்தும் லைட்டுகளின் குணம் அது. மின்னலைப் பாதியில் வெட்டும் ஐஜிபிடி வகை லைட்டுகள் இதற்கு நேர்மாறாக, குறைந்த பவரில் நீலம் பக்கம் போகும். ஒரு ஷூட் முழுக்க ஒரே பவரில் வைத்துக்கொண்டால் இரண்டிலும் தொல்லை இல்லை.

மின்விசிறிச் சத்தம், தயாரானதும் வருகிற பீப் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குழந்தை தூங்கும்போது பீப்பை அணைத்துக்கொள்ளலாம்.

இப்போது கழுத்துக்கு வருகிறேன். ஸ்டாண்டில் லைட்டைப் பொருத்தி, மேலும் கீழும் சாய்ப்பதற்கு ஒரு பிராக்கெட் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். என் லைட்டில் அது பாடியோடு சேர்ந்தே வருகிறது. உள்ளே பிளாஸ்டிக் முகம் இரண்டு ஒன்றையொன்று அழுத்தி நிற்கும், பக்கத்தில் முறுக்க ஒரு கைப்பிடி. வெறும் ரிஃப்ளெக்டர் கிண்ணம் மட்டும் போட்டால் பாறை மாதிரி நிற்கும். கடையில் காட்டும்போது அப்படித்தான் காட்டினார்கள். அதில் 120 சென்டிமீட்டர் ஆக்டாவை, அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் எண்கோணத் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸை, மாட்டிப் பாருங்கள். அந்தச் சாஃப்ட்பாக்ஸின் எடை இரண்டு கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் அந்த எடை முழுதும் கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முன்னால் தொங்குகிறது. குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் நீட்டிய கையில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. முதல் வருடம் தாங்கியது. இரண்டாம் வருடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது.

படாரென்று விழுந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இது பத்து நிமிடத்துக்கு இரண்டு விரல் அகலம் என்று மெதுவாகக் குனிகிறது. கேமரா வழியாகவே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அது கண்ணில் படாது. ஒருமுறை எட்டு மாதக் குழந்தையைப் பாயில் உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டிதான், "தம்பி, லைட்டு சாயுது பாருங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தால் ஆக்டாவின் கீழ் விளிம்பு குழந்தையின் தலைக்கு ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து குழந்தைகள் வந்தால் அந்த லைட்டைப் பக்கத்தில் வைப்பதே இல்லை, சுவரில் திருப்பி அடித்து எடுக்கிறேன். ஒளி அருமையாக இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போக வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய அடி சுவாமிமலையில் கிடைத்தது. அங்கே ஒரு ஸ்தபதி பட்டறைக்கு நான்கு வருடமாக ஐம்பொன் சிலைகளைப் படம் எடுத்துத் தருகிறேன். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு நடராஜர் மாதிரி இன்னொரு நடராஜர் வராது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் வேண்டும். வாங்குகிறவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார் என்பதால் எல்லாப் படத்திலும் ஒளி ஒன்றுபோல இருக்க வேண்டும்.

மெருகு ஏற்றிய உலோகத்தைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாம் பிடிப்பது சிலையில் தெரிகிற சாஃப்ட்பாக்ஸைத்தான். கன்னத்தில் விழும் வெள்ளைப் பட்டை, மூக்கின் மேல் ஓடும் கோடு, தோள்வளைவில் மெல்ல மங்கும் ஒளி எல்லாமே ஆக்டாவின் பிரதிபலிப்பு. மனிதத் தோல் வெளிச்சத்தைச் சிதறடித்து நம் தவறை மன்னித்துவிடும். உலோகம் கண்ணாடி, மன்னிக்காது. லைட் இரண்டு விரல் குனிந்தால் பிரதிபலிப்பும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் பதினெட்டு சிலைகள் எடுத்தேன். சாயங்காலம் லேப்டாப்பில் காட்டினேன். ஸ்தபதி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓர் அம்மன் படத்தில் நிறுத்தினார். அதே அம்மனை முதலில் ஒருமுறையும், பீடத்தைத் துடைத்துவிட்டுக் கடைசியில் ஒருமுறையும் எடுத்திருந்தேன். "தம்பி, இதுல கண்ணு திறந்திருக்கு. இதுல மூடின மாதிரி இருக்கே?" என்றார். இரண்டும் ஒரே சிலை, ஒரே கேமரா, லென்ஸ் துளையும் ஒரே எஃப்/11. இமைக்குக் கீழே விழ வேண்டிய சிறு வெளிச்சக் கீற்று உதட்டுக்கு இறங்கியிருந்தது. சிலை வேலையில் கண் திறப்பதுதான் கடைசி வேலை. நாள் பார்த்து, பூசை போட்டு அவர் திறந்த கண்ணை என் லைட்டின் தேய்ந்துபோன பிளாஸ்டிக் மூடிவிட்டது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே போய்ப் பதினெட்டையும் திரும்ப எடுத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

அப்புறம் நான் செய்யாத வைத்தியம் இல்லை. வாஷர் போட்டேன். உள்ளே ரப்பர் வைத்தேன், ஒரு மாதம் தாங்கியது. கைப்பிடியைக் குறடு வைத்து முறுக்கினதில் அதன் மரை போய்விட்டது. கடைசியில் வேலைக்கு ஆனது கட்டில் நாடா. முன்பக்கம் இறங்கினால் பின்பக்கம் ஏற வேண்டும், இல்லையா? லைட்டின் பின்னால் இருக்கும் கைப்பிடியிலிருந்து ஸ்டாண்டின் கால் வரைக்கும் நைலான் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டேன். சைக்கிள் டியூப் வேண்டாம், அது நீளும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையும் கட்டாயம் வைக்க வேண்டும். இப்படிக் கட்டினால் அசையாது. ஆனால் கோணத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் நாடாவை அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

கம்பெனியின் சர்வீஸ் ஆட்களுக்கு மூன்று தடவை எழுதினேன். பிராக்கெட் தனியாகக் கிடைக்காது, பாடியோடு சேர்ந்த வார்ப்பு என்று ஒரே பதில். ஆறு வருடம் அசராமல் வேலை செய்யும் மின்சுற்றைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு நாலு திருகாணி போட்டுக் கழற்றுகிற மாதிரி ஓர் இரும்புப் பிராக்கெட் வைக்கத் தெரியாதா? அதைச் செய்ய இருநூறு ரூபாய் ஆகுமா? இதை எழுதும்போதே ஆத்திரம் வருகிறது.

போன வாரம் திருச்சிக்குப் போனது வேறு காரணத்துக்காக. லைட் தயார் என்று பீப் கொடுக்கும், ட்ரிக்கரை அழுத்தினால் மின்னல் வராது. மெக்கானிக் போனிலேயே எச்சரித்தார்: "அண்ணே, நீங்க திறந்துடாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட்டுக்கு மேல நிக்கும்." அவர் சொன்னதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உயிர் போகிற விஷயம். அவர் திறந்து, சார்ஜை இறக்கிவிட்டு டியூபைக் காட்டினார். இரண்டு முனையும் கறுத்திருந்தது. ஒரு நாளைக்கு அறுபது தடவை என்று வைத்தாலும் ஒரு லட்சத்தை நெருங்கியிருக்கும். ஆயுள் முடிந்து போன டியூப், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. புது டியூபைத் துணியால் பிடித்துச் சொருகினார், கண்ணாடியில் விரல் ரேகைகூடப் படக் கூடாதாம். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கழுத்தைக் காட்டினேன். முறுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே" என்றார். தேய்கிற டியூபை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள், தேய்கிற கழுத்தை மாற்ற வழியில்லை.

சரி, நண்பன் கேட்ட ஜூல் கணக்கு. 400-க்கும் 600-க்கும் நடுவே அரை ஸ்டாப்தான் வித்தியாசம். 200-க்கும் 400-க்கும் ஒரு ஸ்டாப். லைட்டைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தாலே கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் கிடைத்துவிடும், அதற்குக் காசில்லை. என் அறை 12-க்கு 18 அடி, கூரை 9 அடி. ஆக்டாவை இரண்டு மீட்டரில் வைத்தால் முழுப் பவரில், கேமராவின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100-இல் இருக்கும்போது, எஃப்/11 வருகிறது. முழுப் பவரை எத்தனை தடவை தொட்டேன் என்று கேட்டால் கை விரல் மிச்சம் இருக்கும். குழந்தைக்குப் பக்கத்தில் வைத்து எஃப்/2.8-இல், அதாவது துளையை அகலத் திறந்து, எடுக்க ஆசைப்பட்டால் பவரை 1/32-க்குக் குறைத்தும் வெளிச்சம் அதிகமாக இருக்கும். மன்னார்குடியில் அவன் பிடித்திருக்கும் அறை என்னுடையதைவிடச் சின்னது. அவனுக்கு 200 போதும். பெரிய குடும்பப் படம், கல்யாண மண்டபம் என்று போகப்போகிறான் என்றால் 400. மிச்சப் பணத்தை நல்ல ஸ்டாண்டில் போடட்டும்.

மவுண்ட் மட்டும் போவன்ஸாகவே இருக்கட்டும். இங்கிலாந்தில் இருந்த போவன்ஸ் கம்பெனி 2017-இல் மூடிவிட்டது, ஆனால் அந்த மூன்று பல் மவுண்ட் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. நாளைக்கு லைட் மாறினாலும் சாஃப்ட்பாக்ஸ் மாற வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் அலை இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளட்டும், சதுர அலையில் போடக் கூடாது.

கடைக்குப் போகும்போது, தான் பயன்படுத்தப்போகும் பெரிய சாஃப்ட்பாக்ஸைக் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். லைட்டில் மாட்டி, தரைக்கு இணையாகப் பிடித்துக் கையால் முறுக்கிவிட்டு, கீழ் விளிம்பின் உயரத்தை டேப்பில் அளந்துகொள்ள வேண்டும். வெளியே போய் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளக்க வேண்டும். பிராக்கெட் உலோகமா, கழற்ற முடிகிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். புதிதாக இருக்கும்போதே ஒரு விரல் இறங்கினால் இரண்டு வருடத்தில் ஒரு சாண் இறங்கும்.

நான் வைத்திருப்பதையே வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில், வேண்டாம். ஒளிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், உழைப்புக்குப் பத்துக்குப் பத்து. இப்போது விலையும் நான் வாங்கியதைவிட மூவாயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. இருந்தாலும் வேண்டாம். போன மாதம் கேட்டிருந்தால் வாங்கு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அம்மனின் கண் விஷயத்தை எழுதி முடித்த கையோடு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நாளைக் காலை சுவாமிமலையில் ஒன்றரை அடி சோமாஸ்கந்தர் எடுக்க வேண்டும். புது டியூபின் ஒளி பழையதைவிடக் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது, கேமராவில் நிறச் சமநிலைக்கான கெல்வினை இருநூறு ஏற்றிப் பார்க்கப்போகிறேன். நாடாவும் நைந்துவிட்டது, போகிற வழியில் நாலு மீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும்.