எண்ணும் எழுத்தும் பயிற்சிநூல்: மூன்று வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

ஐந்தாம் வகுப்பு படிக்கிற பையன். 'கொக்கு' என்று எழுதிக் காட்டினேன், 'கெ... ர... க்... கு' என்று படித்தான். முன்னால் இருக்கும் கொம்பை ஒரு எழுத்தோடு சேர்த்துவிட்டான், பின்னால் இருக்கும் துணைக்கால் அவன் கண்ணுக்கு 'ர' மாதிரி தெரிந்திருக்கிறது. மந்தமான பிள்ளை என்று சொல்லவே முடியாது. சந்தைக்குப் போனால் அம்மாவுக்கு மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிக் கொடுக்கிறவன். எழுத்துக் கூட்டுகிற அந்த ஒரு இடத்தில் அவனோடு யாரும் பத்து நாள் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

2021 கடைசியில் எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் வாரத்தில் பார்த்தது இது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கும் மேல் வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு என்று அந்த அக்டோபர் கடைசியில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியதுதான் அந்தத் திட்டம். தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேர வகுப்பு. நான் கோயில் மண்டபத்தில் நடத்தினேன். அடுத்த ஜூனில், அதாவது 2022 ஜூன் 13-ல், அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுக்கிற அரசுத் திட்டமான எண்ணும் எழுத்தும் வந்தது, முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த வருடம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பள்ளியில் கொடுத்த பயிற்சிநூலைப் பிள்ளைகள் மாலையில் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் பையனும் அதே புத்தகத்தில்தான் படித்தான். ஆகவே ஆசிரியர் கண்ணால் பார்த்த விமர்சனம் இல்லை இது. ஒரு அம்மாவும் தன்னார்வலருமாக மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது பெரிது. இந்தத் திட்டம் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்ப்பதில்லை, எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டு, மலர் மூன்று. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாவிட்டால் அவள் அரும்பில் தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் எங்கோ ஒரு நிலையில்தான் இருக்கிறது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நம் பள்ளிகளில் பல வருடமாக நடந்தது இதற்கு நேர் எதிர்: பாடநூல் ஜூனில் முதல் பாடம், ஜூலையில் இரண்டாம் பாடம் என்று போய்க்கொண்டே இருக்கும், புரிந்த நாலு பேர் கூடவே ஓடுவார்கள், மற்றவர்கள் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிடுவார்கள்.

நிலை பார்த்துச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. என் தங்கை 2007-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படித்துப்போகிற செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்திருந்தது. அட்டை, ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்காருவது என்று வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வாள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கினார்களே, அவர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து வடோதராவிலும் மும்பையிலும் பார்த்ததும் இதே மாதிரி விஷயம்தான், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து அவர்கள் அளவுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகிறது என்று.

தமிழ்ப் புத்தகத்தை விடக் கணக்குப் புத்தகம் எனக்குக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பதில் திணறுகிற பிள்ளைக்கு உண்மையில் கழித்தல் பிரச்சினை இல்லை, இடமதிப்பு பிரச்சினை. 42-ல் இருக்கும் 4 நாற்பது என்பது அதற்குத் தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சியும் தனிக்குச்சியும் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்து எண்ண வைத்தால் ஒரே மாலையில் விளங்கிவிடுகிறது. நான் தென்னங்குச்சியை வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன், புளியங்கொட்டையும் ஒரு டப்பா நிறைய உண்டு. பொருளைத் தொட்டு எண்ணிவிட்டுப் பிறகு புத்தகத்தில் எழுதும்போது அந்தப் பக்கத்துக்கு உயிர் வருகிறது. பொருள் இல்லாமல் பக்கத்தை மட்டும் எழுதினால் ஒன்றும் நடப்பதில்லை.

சரி, இனி குறைக்கு வருகிறேன். என் பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவன் பயிற்சிநூலில் எல்லாப் பக்கமும் நிரம்பியிருந்தது, எல்லா விடையும் சரி, அடியில் சிவப்பு மையில் டிக். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் அவன் எழுதிய ஒரு வரியைக் கையால் மறைத்துவிட்டு அதே வரியை வேறு தாளில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், படிக்க வரவில்லை. பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறான், சில பக்கம் பக்கத்துப் பையனுடையதைப் பார்த்து. அந்தப் பள்ளி ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் ஒரே ஒருவர். நான் டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நிலைப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிற புத்தகத்தை ஐந்து வகுப்போடு தனியாக நிற்கிற ஒருவர் கையில் கொடுத்தால், பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் எழுதச் சொல்வதைத் தவிர அவர் என்ன செய்வார்? அதற்கு மேல் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவது, வருகைப்பதிவு, இன்னும் என்னென்னவோ பதிவு. ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாக வெளிப்படையாகவே சொல்லிவருகிற குறைதான் இது. செயலிக்குப் போகிற ஒவ்வொரு நிமிடமும் அரும்பில் நிற்கிற பிள்ளையிடமிருந்து எடுத்த நிமிடம்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: நிரம்பிய பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு அதில் இருக்கும் நாலு வரியை வேறு தாளில் எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளுக்குப் படிக்க, கணக்குப் போட வருகிறதா என்று பார்க்கிற ஏசர் (ASER) ஆய்வுக்காரர்கள் வீடு வீடாக வந்து செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். 2018-ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 10.2 சதவீதம் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள், 2022-ல் அது 4.8 ஆனது. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அரசுப் பள்ளி மட்டும் இல்லை, தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு அது. 2024 ஆய்வில் எண்ணிக்கை மறுபடி ஏறியது, ஆனாலும் பெருமைப்படுகிற உயரத்தில் இல்லை.

'பாட்டும் ஆட்டமுமாகவே இருக்கிறது, எப்போது பாடம் நடத்துவார்கள்' என்று எங்கள் தெருவில் கேட்காத அம்மா இல்லை. பாட்டு வேண்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கு ஓடி வருவதே அதற்காகத்தான். இன்னொரு பேச்சும் அடிக்கடி வரும், 'ஃபெயில் போட்டால்தான் படிப்பார்கள்' என்று. 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்து, எட்டு வகுப்புகளில் தேர்ச்சியை நிறுத்திவைக்க விதியை மாற்றியபோது தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி தொடரும் என்றது, நான் அதன் பக்கம்தான். 'கொக்கு' படிக்கத் தெரியாத பையனை இன்னொரு வருடம் அதே வகுப்பில் உட்கார வைத்தால் அவன் மறுபடியும் 'கெ ர க் கு' என்றுதான் படிப்பான், கூடவே அவமானமும் சேரும்.

அவனுக்கு வேண்டியது ஒரு மணி நேரம், ஒரு ஆள். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், பள்ளி மூடியிருந்தபோது இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது, அந்த மீட்சியில் கால்வாசி அளவு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பால் வந்தது என்று கண்டார்கள். அதில் என் மண்டபமும் சேர்த்தி என்று நினைக்கும்போது மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல மையங்களைக் குறைத்தார்கள். குறைத்திருக்கக் கூடாது. பயிற்சிநூல் பாதி வேலை என்றால் பக்கத்தில் உட்காரும் ஆள் மீதிப் பாதி. 2025-ல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை திறன் என்ற பெயரில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றால் கீழே எவ்வளவு பேர் நழுவியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று காரியம். காலையில் முதல் ஒரு மணி நேரம் எந்தப் பதிவும் எந்தக் கூட்டமும் இல்லாமல் நிலைவாரியாகப் படிப்பதற்கு மட்டும் ஒதுக்குவது. ஈராசிரியர் பள்ளிகளுக்கு அந்த ஒரு மணிக்காவது ஊரிலிருந்தே ஒரு தன்னார்வலரைச் சம்பளத்தோடு உள்ளே விடுவது, எங்களில் பலர் பட்டம் படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறோம். மூன்றாவது, செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தை முதலில் சொல்லிக்கொடுப்பது. பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போய் ஜூனில் திரும்புகிற பிள்ளைக்கு மூன்றாம் பருவம் முழுசாகப் போய்விடுகிறது, திரும்பி வந்தால் அடுத்த வகுப்பின் முதல் பருவப் புத்தகம் கையில் இருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆள் இருக்கிற பள்ளியில் ஐந்தே கொடுக்கலாம், ஆள் இல்லாத பள்ளியில் இரண்டு. பருவம் முடிந்ததும் பயிற்சிநூலைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், எழுதாத பக்கங்கள் இருந்தால் அடுத்த தெருவில் சூளையிலிருந்து திரும்பி வரும் பிள்ளைக்கு ஜூனில் வேண்டியிருக்கும். என்னிடம் இப்போது மூன்றாம் பருவத்துத் தமிழ் ஆறும் கணக்கு நான்கும் மண்டபத்து அலமாரியில் இருக்கின்றன.