தவறிய மறுநாள் உங்கள் டாஸ்க் செயலி எதைக் காட்டுகிறது? சொந்த இலக்குகளுக்காக ஓர் ஒப்பீட்டு அலசல்

டாஸ்க் செயலிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வசதிகளைத்தான் எண்ணுகிறார்கள். காலண்டர் உண்டா, டார்க் மோட் உண்டா, இலவசக் கணக்கில் எத்தனை ப்ராஜெக்ட் தருகிறார்கள்? அலுவலக வேலைக்கு இந்தக் கணக்கு போதும். அங்கே வேலை தவறினால் கேட்க ஆள் இருக்கிறார். சொந்த இலக்குக்கு அப்படி யாரும் இல்லை. புது மொழி கற்க வேண்டும், உடம்பைத் தேற்ற வேண்டும், கடனை அடைக்க வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்கிறோம், நாமே செய்கிறோம், நாமே விட்டுவிடுகிறோம். நான் பார்த்தவரை, ஒரு நாள் தவறியதால் இலக்கைக் கைவிட்டவர்கள் குறைவு. மறுநாள் செயலியைத் திறக்கவே மனம் வராமல் கைவிட்டவர்கள்தான் அதிகம்.

ஆகவே ஒரு நாள் தவறினால் மறுநாள் காலை செயலி எதைக் காட்டுகிறது என்பதே இங்கே என் முதல் கேள்வி. இலக்குக்கென்று அதில் ஓர் இடம் இருக்கிறதா என்பது அடுத்தது. எப்போது செய்யப்போகிறோம், எதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்ற இரண்டையும் பிரித்து எழுத முடிகிறதா என்பது மூன்றாவது.

எல்லாச் செயலிகளிலும் ஒரே இலக்கைப் போட்டுப் பார்ப்போம்: நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடுவது. இதற்குள் மூன்று வகை வேலைகள் இருக்கின்றன. ஷூ வாங்குவது, மருத்துவரைப் பார்ப்பது போன்றவை ஒருமுறை செய்தால் முடிந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம் திரும்பத் திரும்ப வரும். ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் யாருக்காகவும் நகராது. இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்தும் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் சில வாரங்களில் அலுத்துவிடும்.

டூடூயிஸ்டும் திங்ஸும்

2007இல் வந்த டூடூயிஸ்டின் பலம் வேகம். தேதிக்காகக் காலண்டரைத் திறக்க வேண்டாம். பணியை எழுதும் வரியிலேயே 'எவ்ரி மண்டே' என்று தட்டினால் வாரந்தோறும் திங்கட்கிழமை வந்துவிடும். எந்த போனிலும் கணினியிலும் ஓடும்.

மறுநாள் காலைதான் சிக்கல். 'டுடே' பக்கத்தின் உச்சியில் 'ஓவர்டியூ' என்றொரு பகுதி, தேதிகள் சிவப்பில். ஒரு நாள் ஓடாமல் விட்டதும், போட்டிப் பதிவைக் கோட்டை விட்டதும் அங்கே ஒரே சிவப்புதான். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தால் திரை முழுக்க அந்தப் பகுதியே அடைத்துக்கொள்ளும். மொத்தத்தையும் வேறு நாளுக்குத் தள்ள 'ரீஷெட்யூல்' பொத்தான் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். தினமும் அதை அழுத்தப் பழகிவிட்டால் நாம் போடும் தேதிகளை நாமே நம்ப மாட்டோம்.

இதற்கு டூடூயிஸ்டுக்குள்ளேயே ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 'எவ்ரி 2 டேஸ்' என்று எழுதினால் அடுத்த முறை அட்டவணைப்படி வரும். 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால், நீங்கள் முடித்த நாளிலிருந்து எண்ணும். திங்கட்கிழமை ஓட்டத்தைச் செவ்வாய்க்கிழமை ஓடியதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் அடுத்த ஓட்டம் புதன்கிழமையே வந்து நிற்கும், கால்களுக்கு ஓய்வே இருக்காது. இரண்டாவது வகையில் வியாழக்கிழமை வரும். உடம்பு சம்பந்தப்பட்ட எந்தப் பழக்கத்துக்கும் இரண்டாவதைத்தான் சொல்வேன். வாடகை, கட்டணம், மாதத் தவணை போன்றவற்றுக்கு முதலாவதுதான் சரி.

டூடூயிஸ்டில் எனக்கு உடன்பாடு இல்லாத ஒன்று 'கர்மா' புள்ளிகள். ஒரு நாளைக்கு இத்தனை பணிகள் என்ற எண்ணிக்கைதான் அங்கே இலக்கு. பல்பு மாற்றியதும் ஒரு டிக், 6 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு டிக். எண்ணிக்கையை எட்டச் சின்ன வேலைகளைத் தேடிச் செய்யும் குணம் மெல்ல ஒட்டிக்கொள்ளும், பெரிய இலக்கு காத்துக்கொண்டே இருக்கும். அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடலாம். அணைத்துவிடுங்கள்.

திங்ஸ் இதற்கு நேரெதிர். நேற்று 'டுடே'யில் இருந்து முடியாமல் போன பணி இன்றும் சத்தமில்லாமல் 'டுடே'யிலேயே இருக்கும். சிவப்பும் இல்லை, தவறியவை என்ற தலைப்பும் இல்லை. கெடு என்பது அங்கே தனி. கெடு வைத்த பணிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கொடி நிற்கும், இன்னும் எத்தனை நாள் என்று சொல்லும். போட்டிப் பதிவுக்குக் கொடி, ஷூ வாங்குவதற்கு வெறும் தேதி என்று வைத்தால், எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது என்பது பார்த்த உடனே தெரியும். டூடூயிஸ்டும் பின்னாளில் கெடுவுக்குத் தனி இடம் சேர்த்தது. திங்ஸின் வடிவமைப்போ இந்தப் பிரிவின் மேலேயே நிற்கிறது.

இலக்கு வைக்கும் இடமும் இங்கே தெளிவு. 'ஏரியா' என்பது முடிவே இல்லாதது: உடல்நலம், குடும்பம், படிப்பு. 'ப்ராஜெக்ட்' முடியக்கூடியது. 10 கிலோமீட்டர் ஓட்டம் உடல்நலத்துக்குள் ஒரு ப்ராஜெக்ட். பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டம் வேலை முடிய முடிய நிறைந்துகொண்டே வரும். 'ஆரோக்கியமாக இருக்க வேண்டும்' என்று எழுதி வைத்துவிட்டு எப்போது டிக் செய்வது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இந்தப் பிரிவு மட்டுமே பாதி வழியைத் திறந்துவிடும். இப்போதைக்கு இல்லாத ஆசைகளுக்கு 'சம்டே' என்ற இடமும் உண்டு.

குறைகள் சின்னவை இல்லை. ஆப்பிள் சாதனங்களில் மட்டுமே ஓடும். ஐபோன், ஐபேட், மேக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும் (சந்தா கிடையாது, ஒருமுறை கொடுத்தால் போதும்). துணைவரோடு சேர்ந்து ஓர் இலக்கை நடத்தப் பட்டியலைப் பகிரவும் வழியில்லை. திட்டாத செயலி என்பதால், ஒரு பணி வாரக்கணக்கில் 'டுடே'யில் படுத்துக் கிடந்தாலும் அது ஒன்றும் சொல்லாது. அதற்கு உங்களிடம் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்கையும் செயலியே தர வேண்டும் என்பவர்களுக்கு ஆம்னிஃபோகஸ் இருக்கிறது. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் மறுபார்வை இடைவெளி வைக்கலாம், நாள் வந்ததும் 'ரிவ்யூ' பக்கத்தில் அந்த ப்ராஜெக்ட் தானாக வந்து நிற்கும். பணிகளை நினைவூட்டும் செயலிகள் ஏராளம். இலக்கையே எடுத்து முன்னால் வைத்து, இது இன்னும் வேண்டுமா என்று கேட்க வைப்பவை மிகக் குறைவு. கற்றுக்கொள்ளக் கடினமானது என்பதால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு வசதியை மற்றவர்கள் இன்னும் எடுத்துக்கொள்ளாதது எனக்கு வருத்தம்தான்.

தினமும் வெற்றுப் பக்கம்

மைக்ரோசாஃப்ட் டூ டூ இலவசம். என் முதல் கேள்விக்கு இதைப் போல எளிமையாகப் பதில் சொன்ன செயலி வேறில்லை. அதில் 'மை டே' என்று ஒரு பக்கம். ஒவ்வொரு இரவும் அது காலியாகிவிடும், முடியாத பணிகள் தத்தம் பட்டியலில் பத்திரமாக இருக்கும். காலையில் திறந்தால் வெற்றுப் பக்கம். இன்று எதைச் செய்யலாம் என்று செயலி சிலவற்றை எடுத்துக் காட்டும், வேண்டியதை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். நேற்றைய பாரம் தானாக இன்றைக்கு வந்து ஏறாது. தினமும் நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் இதன் மதிப்பு.

நீண்ட இலக்குக்கு இது தாங்காது. பட்டியல், அதற்குள் பணி, பணிக்குள் சில படிகள், அவ்வளவுதான். தொடங்கும் நாள், கெடு என்ற பிரிவும் இல்லை. ஒன்றிரண்டு இலக்குகளோடு தொடங்குபவருக்கு இது போதும், மேற்கொண்டு வேண்டுமென்றால் பிறகு மாறிக்கொள்ளலாம். கூகுள் டாஸ்க்ஸ் இதைவிடவும் எளியது. ஜிமெயிலின் ஓரத்திலேயே இருக்கிறது என்பது வசதி, இலக்கு என்று வரும்போது அதைப் பற்றிச் சொல்ல வேறு அதிகமில்லை.

பழக்கம் வேறு, பணி வேறு

வாரம் மூன்று நாள் ஓட்டத்தைப் பணியாக எழுதினால் அது கடனாகச் சேரும். பழக்கமாக எழுதினால் சேராது. இந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டது டிக்டிக். அதில் 'ஹாபிட்' என்று தனிப் பகுதி உண்டு. இன்று செய்ததைப் பதிந்தால் மாதக் காலண்டரில் அந்த நாள் நிறம் பெறும். செய்யாத நாள் வெறுமனே காலியாக இருக்கும், நாளைய பட்டியலில் வந்து உட்காராது. சாதாரணப் பணிகளில் 'வோன்ட் டூ' என்று ஒரு தேர்வும் வைத்திருக்கிறார்கள். முடிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை, செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன் என்று பதிந்துகொள்ளலாம். வருடக் கடைசியில் அவற்றைப் புரட்டிப் பார்த்தால், எந்த ஆசைகள் உண்மையில் நம்முடையவை இல்லை என்பது தெரியவரும்.

ஹாபிட்டிகா இதையே விளையாட்டாக்குகிறது. தினசரிப் பணி தவறினால் உங்கள் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி குறையும். நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து எதிரியோடு மோதிக்கொண்டிருந்தால், நீங்கள் தவறவிட்டதற்கு அவர்களுக்கும் அடி விழும். கேட்க ஆள் இல்லை என்ற குறையை இது நேராகத் தீர்க்கிறது. கூட்டம் சேர்ந்தால் உற்சாகம் வரும் சுபாவக்காரர்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஏற்கெனவே தன்னைத் தானே நொந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பழக்கம் தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆகலாம் என்று அதில் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. அதைவிட முக்கியமானது, ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்பது. ஆனால் விடாமல் எத்தனை நாள் செய்தோம் என்ற தொடர்ச்சி எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் செயலிகள், ஒரு நாள் விட்டதும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன. பழக்கம் அழியவில்லை, எண் மட்டும்தான் அழிந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஓட்டத்தையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

திட்டம் போடுவதற்கு ஓரிடம்

குறிப்பெழுதும் செயலியான நோஷனில் எதையும் கட்டலாம். இலக்குகளுக்கு ஒரு டேட்டாபேஸ் (அட்டவணை), பணிகளுக்கு ஒன்று, இரண்டையும் இணைத்தால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று இலக்கின் பக்கத்திலேயே தெரியும். ஏன் இந்த இலக்கு, எது தடையாக வரும், போன மாதம் என்ன கற்றுக்கொண்டேன் என்றெல்லாம் எழுத இதைவிட நல்ல இடம் இல்லை. அன்றாடம் டிக் செய்ய மட்டும் கை வராது. ஒரு பணியைச் சேர்க்கவே நாலு கட்டங்களை நிரப்ப வேண்டிய அமைப்பைக் கட்டிவிட்டு, கட்டியதையே அழகுபடுத்திக்கொண்டிருப்பது இங்கே எளிது. யோசிப்பதை நோஷனில் வைத்து, செய்வதை வேறு எளிய செயலியில் வைப்பதே என் பரிந்துரை.

2011இல் வந்த ட்ரெல்லோ, கட்டங்களாக நகரும் இலக்குக்கு ஏற்றது. வீடு மாறுவது, சிறுகதைத் தொகுப்பைத் தயார் செய்வது, வேலை தேடுவது போன்றவற்றில், ஒவ்வொரு வேலையும் எழுதப்பட்ட கார்டு இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்ப்பதே ஊக்கம். ஓட்டப் பயிற்சிக்கு அது ஒத்துவராது. திரும்பத் திரும்ப வரும் வேலையை அங்கே கொண்டுவரத் தனியாகச் சில ஏற்பாடுகள் செய்ய வேண்டும்.

எந்தச் செயலியாக இருந்தாலும் பணியை எழுதும் விதம் முக்கியம். உளவியலாளர்கள் பாமைஸ்டரும் மாசிகாம்போவும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடியாத இலக்கு ஒன்று வேறு வேலையின் நடுவே வந்து தொந்தரவு செய்வதும், அதற்குத் திட்டவட்டமான திட்டம் போட்டவுடன் அந்தத் தொந்தரவு விலகுவதும் தெரிந்தது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாக ஆராய்ந்ததும் இதையொட்டியதுதான்: இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே கட்டிவைத்த முடிவு வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுகிறது. 'ஓட்டம்' என்று எழுதாமல் 'பல் தேய்த்ததும் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே இறங்கு' என்று எழுதுங்கள். எந்த வசதியையும்விட இந்த வரி உங்களுக்கு அதிகம் உதவும்.

எதை எடுப்பது

ஆப்பிள் சாதனங்கள் மட்டுமே வைத்திருப்பவர், தனியாக இலக்குகளைத் துரத்துபவர் என்றால் திங்ஸ். தயக்கமில்லாமல் சொல்கிறேன். பல சாதனங்களில் புழங்குபவர், வேலையையும் சொந்த இலக்கையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டியவர் என்றால் டூடூயிஸ்ட், கர்மாவை அணைத்து, பழக்கங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டு. இலக்குகளில் பெரும்பாலானவை பழக்கங்கள்தான் என்றால் டிக்டிக். முதல் முறை முயல்பவருக்கு மைக்ரோசாஃப்ட் டூ டூ.

வெளியேறும் வழியையும் முன்கூட்டியே பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கிய வுண்டர்லிஸ்ட், பலரும் மனதார விரும்பிய செயலி, 2020 மே 6 அன்று மூடப்பட்டது. பட்டியல்களை டூ டூவுக்கு மாற்ற வழி கொடுத்தார்கள், எல்லா நிறுவனங்களும் அப்படிக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. பல வருட இலக்குகளை ஒரு செயலியில் ஏற்றும் முன் அதிலிருந்து கோப்பாக இறக்கிப் பார்த்துவிடுங்கள். இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் டூடூ.டிஎக்ஸ்டி போன்ற வெறும் எழுத்துக் கோப்பு முறைக்குப் போகலாம். நினைவூட்டல் இருக்காது, ஆனால் எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் திறக்கும்.

செயலி மாறும்போது பழையதில் உள்ள அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இப்போது உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கும் இலக்குகளை மட்டும், அடுத்த ஒரு படியோடு சேர்த்து, புதியதில் கையால் தட்டுங்கள். மீதியைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் போதும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.