பேனா ஷோவில் பழைய பார்க்கர் வாங்கப் போகிறீர்களா? தொட்டு எழுதிப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய மைப்பேனா வாங்கும் ஆசையோடு பேனா ஷோவுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. கையில் ரசீது இல்லை. கேட்டு வாங்காதது என் தப்பு. ஆனால் அவர் எப்படி விற்றார் என்பதைச் சொல்ல ரசீது வேண்டாமே.

ஏழெட்டு வருடமாக மைப்பேனாவில்தான் எழுதுகிறேன். எல்லாம் புதிதாக வாங்கியவை, கன்வெர்ட்டர் என்ற சின்ன மைக்குழாயைச் செருகி மை இழுக்கிற ரகம். பழையதில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பார்க்கர் 51. பார்க்கர் நிறுவனம் தொடங்கிய 51ஆம் ஆண்டான 1939இல் உருவாக்கி முடித்ததால் அதற்கு அந்தப் பெயர். பரவலாக விற்பனைக்கு வந்தது 1941இல். நிப் முழுக்க ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அதன் படத்தைப் பார்த்துப் பார்த்தே அரைப் பைத்தியமாகியிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விற்பவருக்கு அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் போனேன். கூட்டம் என்றால் கூட்டம். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் இரண்டு மூன்று வரிசை ஆட்கள், தோளுக்கு மேலாகக் கையை நீட்டித்தான் பேனாவை எடுக்க வேண்டும். எடுத்ததும் எல்லாரும் செய்வது ஒன்றே: காகிதத்தில் எட்டு எட்டாகச் சுற்றுவது. பேனா பைத்தியங்களின் கையெழுத்து எப்படியோ, எட்டு மட்டும் எல்லாருக்கும் பிரமாதமாக வரும்.

அந்த மேசை மூலையில் இருந்தது. வெல்வெட் விரித்த தட்டில் ஏழெட்டு 51கள். ஒன்றின் பக்கத்தில் கையால் எழுதிய சீட்டு: ‘முதல் வருடம், 1941, முழுதாகச் சீர்செய்தது’. கறுப்பு உடம்பு, தங்க முலாம் மூடி, கிளிப்பில் நீல வைரக் குறி. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

“எடுத்துப் பாருங்க தம்பி, பார்க்கக் காசா கேட்கப் போறேன்?” என்றார். நல்ல வயதானவர், பேச்சு இனிமை. “அந்த நீல வைரம் இருக்கு பாருங்க, அதுதான் முதல் வருடத்து அடையாளம்.”

பின்மூடியை அவரே திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் பொத்தானை விரலால் அழுத்திக் காட்டினார். டக் டக்கென்று துள்ளி எழும்பியது. “புது டயாஃப்ரம் போட்டது. இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை.” அப்புறம் ஒரு மைப்புட்டியை நகர்த்தி, “தொட்டு எழுதுங்க” என்றார்.

தொட்டேன், எழுதினேன். வெண்ணெய் போல ஓடியது. ஒரு பக்கம் முழுக்க எட்டுப் போட்டும் மை நிற்கவில்லை. “ஒரு தடவை தொட்டதுக்கே இவ்வளவு எழுதுதே!” என்று நான்தான் வியந்தேன். அவர் சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விலை, மூன்று நல்ல புதுப் பேனா வாங்கும் காசு. ரொக்கமாகக் கேட்டார், ரொக்கமாகவே கொடுத்தேன்.

ராத்திரி அறைக்கு வந்து மை நிரப்ப உட்கார்ந்தேன். இந்த வகைக்கு வாக்குமேட்டிக் என்று பெயர். பேனாவின் பின்பகுதியில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும், அதுதான் டயாஃப்ரம். பொத்தானை அழுத்தினால் சவ்வு நீண்டு உள்ளே இருக்கும் காற்றை நிப் வழியாக வெளியே தள்ளும். விட்டால் அது பின்வாங்க, மை உள்ளே ஏறும். உள்ளே மெல்லிய குழல் ஒன்று நீளவாக்கில் போகிறது. ஏறிய மை அடுத்த அழுத்தலில் திரும்பி வெளியேறாமல், காற்று மட்டும் போவது அந்தக் குழலால்தான். பத்துத் தடவை நிதானமாக அழுத்தினால் பேனா நிரம்பிவிடும். புட்டிக்குள் ஒவ்வோர் அழுத்தலுக்கும் குமிழி வர வேண்டும், நிரம்ப நிரம்பக் குமிழி குறைய வேண்டும்.

எனக்கு முதல் இரண்டு அழுத்தலுக்கு நாலைந்து குமிழி வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சரி, நிரம்பிவிட்டது போல என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் காய்ந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஒன்றரைப் பக்கம். மூன்றாம் தடவை பின்மூடியைக் கழற்றும்போது விரல் நீலமானது. பொத்தானைச் சுற்றி மை நின்றது. பின்மூடியைக் கவிழ்த்தால் அதற்குள்ளிருந்து ஒரு சொட்டு மேசைவிரிப்பில் விழுந்தது. சவ்வுக்கு இந்தப் பக்கம் மை வரவே கூடாது. வருகிறது என்றால் சவ்வு கிழிந்திருக்கிறது.

ஞாயிறு காலை கதவு திறந்ததும் போய் நின்றேன். ஷோவின் கடைசி நாள், பலர் மதியத்துக்கு முன்பே மூட்டை கட்டிவிடுவார்கள் என்ற பயம். நல்லவேளை, இருந்தார்.

“ஐயா, இது மை இழுக்கலையே.”

“நீங்க சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க.”

“பின்மூடிக்குள்ள மை கசியுது, பாருங்க.”

கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. “நேத்து என் கண் முன்னாடி ஒரு பக்கம் எழுதினீங்களா இல்லையா? ராத்திரி என்ன பண்ணீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஷோவுல வாங்கினது வாங்கினதுதான் தம்பி, எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம்.” சொல்லிக்கொண்டே அடுத்தவருக்கு மைப்புட்டியை நகர்த்தினார்.

ஏற்பாட்டாளர்களிடம் போனேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மேசை வாடகைக்கு விடுவதுதான் தங்கள் வேலை, வியாபாரம் உங்கள் இருவருக்குள் என்றார்கள். அவ்வளவுதான்.

வந்து ஒரு மாதம் கழித்து, பழைய பேனா பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மேசையில்தான் என் படிப்பு தொடங்கியது.

முதலில் பொத்தானைப் பார்த்தார். “1941ன்னா சொன்னாங்க? அந்த வருஷத்துப் பேனாவுல இந்தப் பொத்தான் அலுமினியம். இது பிளாஸ்டிக். போர்க் காலத்துல உலோகத் தட்டுப்பாடு வந்த பிறகு மாத்தினது.” எனக்குச் சுருக்கென்றது. இதை நான் படித்திருக்கிறேன்! விற்றவர் என் மூக்குக்கு நேரே அந்தப் பிளாஸ்டிக் பொத்தானைத் துள்ளத் துள்ளக் காட்டினார், நான் ஸ்பிரிங்கை ரசித்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் துள்ளுவதற்கும் ரப்பர் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. நீல வைரமும் முதல் வருடத்து அடையாளம் இல்லை, பார்க்கர் அதை 1947 வரை கிளிப்பில் போட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் பத்து மடங்கு உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து உடம்பைப் பார்க்கச் சொன்னார். மூடி வந்து முட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ‘பார்க்கர்’ என்ற பொறிப்பும், பக்கத்தில் வருடத்தின் கடைசி இலக்கமும், காலாண்டைச் சொல்லும் புள்ளிகளும் இருக்க வேண்டும். அங்கே சின்னதாக ஒரு குழிவு மட்டும் இருந்தது. சாணைச் சக்கரத்தில் பாலிஷ் போட்டுப் போட்டு எழுத்தையே தேய்த்துவிட்டார்கள். நான் மயங்கிய பளபளப்பு அதுதான். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ஓர் எண்ணின் வால் மட்டும் தெரிந்தது. ஐந்து என்றார் அவர், எனக்கும் ஐந்தாகத்தான் பட்டது. அப்படியென்றால் 1945. அதுவும் நல்ல பேனாதான், ஆனால் முதல் வருடத்துப் பேனாவின் விலை கொடுக்க வேண்டிய பேனா இல்லை.

பின்பக்கம் இருக்கும் மை இழுக்கும் பகுதியை அதற்கென்றே உள்ள கருவியால் கழற்றினார். புது டயாஃப்ரம் என்று சொன்னது காகிதத்தில் விழுந்தது: முறுக்கு மாதிரி இறுகி, விரல் பட்டதும் நொறுங்கியது. எத்தனை வருடத்து ரப்பரோ. டார்ச் அடித்து உள்ளே காட்டினார். நீளமாக வர வேண்டிய குழல் பாதியில் முறிந்து மொட்டையாக நின்றது. குழல் இல்லாவிட்டால் சவ்வு புதிதாக இருந்தாலும் பேனா நிரம்பாது.

குழலை மாற்ற நிப்பின் மேல் இருக்கும் கூட்டைக் கழற்ற வேண்டும். அதை அரக்கு வைத்துத்தான் ஒட்டுவார்கள். அரக்கு இளஞ்சூட்டில் இளகிவிடும் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் திறந்து மூடலாம். இதில் சூடு காட்டியும் அசையவில்லை. ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, “சூப்பர் குளூ” என்றார். முகம் சுளித்ததைப் பார்க்க வேண்டுமே, சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி. “முன்னாடி யாரோ திறந்திருக்காங்க, குழலை முறிச்சிருக்காங்க, அப்புறம் யாரும் திறக்கக் கூடாதுன்னு ஒட்டியிருக்காங்க. நான் முயற்சி பண்றேன், ஆனா விரிசல் விடலாம். உங்க சம்மதம் வேணும்.” சம்மதித்தேன். விரிசல் விட்டது. கூட்டில், நிப் நுனிப் பக்கத்திலிருந்து மயிரிழை போல ஒரு கோடு. தெரியாத மாதிரி இருக்கும், ஆனால் எனக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு கேடு கெட்ட பேனா மேசையில் எப்படி ஒரு பக்கம் எழுதியது? அந்தச் சிரிப்பின் ரகசியம் இங்கே இருக்கிறது. 51இன் கூட்டுக்குள்ளே, நிப்பைச் சுற்றி, சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள் அடுக்கிய ஒரு பகுதி உண்டு, கலெக்டர் என்பார்கள். சூட்டில் காற்று விரிந்து மை தள்ளப்பட்டால் அது சொட்டாமல் பிடித்துவைக்கத்தான் அது. பேனாவை மையில் நன்றாக முக்கினால் அந்தத் தகடுகளுக்கு இடையிலும் மை ஏறி நின்றுவிடும். வெளியே நிப் தெரிகிற சாதாரணப் பேனாவை முக்கினால் சில வரியில் காயும். 51 காயாது. பின்னால் வயிறே இல்லாவிட்டாலும் அது எழுதும்! தொட்டு எழுதினால் நிப் நல்லதா என்று தெரியும், அவ்வளவுதான். பேனா நல்லதா என்று தெரியாது. மற்ற எந்தப் பேனாவையும்விட 51 விஷயத்தில் இது சுத்தமான கண்கட்டு.

ஆகவே வாக்குமேட்டிக் வகை வாங்குவதென்றால் மை வேண்டாம், தண்ணீர் கேளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் நிப்பை முழுதாக அமிழ்த்திப் பத்துத் தடவை அழுத்தச் சொல்லுங்கள், குமிழியைக் கவனியுங்கள். பிறகு வெளியே எடுத்து அழுத்தித் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சொட்டோடு நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொத்தானைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள், ஈரமே இருக்கக் கூடாது. 51இன் உடம்பு உள்ளே தெரியாத ரகம் என்பதால் வேறு வழியும் இல்லை. உண்மையாகவே சீர்செய்தவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அதே ஷோவில் இன்னொரு மேசையில் ஒருவர், கேட்காமலேயே ஒவ்வொரு பேனாவிலும் தண்ணீர் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் இந்த மூலை மேசைக்குப் போனேன்.

முதல் பழைய பேனா என்றால், 1948இல் வந்த ஏரோமெட்ரிக் 51ஐத் தேடுங்கள் என்பேன். அதில் ரப்பர் சவ்வு இல்லை, பிவிசியில் செய்த ஒளி ஊடுருவும் பை. அந்தக் காலத்துப் பை இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிற பேனாக்கள் ஏராளம். உடம்பைத் திருகிக் கழற்றினால் பையும் அதை அழுத்தும் தகடும் கண்ணெதிரே இருக்கும், ஒளிக்க இடமில்லை.

கூட வந்த நண்பர் கதை தனி. எனக்கு விற்ற அதே ஆளிடம் எபோனைட்டில், அதாவது கெட்டியாக்கிய ரப்பரில் செய்த ஒரு பழைய கறுப்புப் பேனா வாங்கினார். எபோனைட் வெளிச்சத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் இருந்தால் பழுப்பேறும், அது இயல்பு. இது மட்டும் நேற்றுச் செய்த மாதிரிக் கறுகறுவென்று இருந்தது. வீட்டில் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார், துணி கறுப்பு, பேனா பழுப்பு. சாயம்! என்னிடம் காட்டிச் சிரித்தார். ஏமாந்ததில் எனக்குத் துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

என் பேனாவுக்குப் புதுக் குழல், புது டயாஃப்ரம் போட்டாகிவிட்டது. விரிசலோடு எழுதுகிறது. நன்றாகவே எழுதுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஷோவுக்கும் போனேன், அதே மூலை, அதே வெல்வெட் தட்டு. கல்லூரிப் பையன் ஒருவன் 51 ஒன்றைத் தொட்டு எட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், “தம்பி, அதுல தண்ணி இழுத்துக் காட்டச் சொல்லுங்க” என்றேன். பெரியவர் நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. பையன் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கித் துடைத்து, தட்டில் வைத்து, “இது வேற ஒருத்தருக்குச் சொல்லி வெச்சது, மறந்துட்டேன்” என்றார்.